பூட்டானில் கிழக்கே போக வேண்டுமென்றால் தெற்கே இறங்க வேண்டும்

பூட்டானின் தலைநகர் திம்பு நாட்டின் மேற்குப் பக்கம் இருக்கிறது. டிராஷிகாங் கிழக்குக் கோடி. வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டால் 200 கிலோமீட்டர்கூட வராது. சாலையில் போனால் சுமார் 550 கிலோமீட்டர். சாதாரணமாக இரண்டு நாள் பயணம். மழைக்காலத்தில் எத்தனை நாள் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. திம்புவிலிருந்து தெற்கே இறங்கி, எல்லை ஊரான புந்த்ஷோலிங்கில் இந்தியாவுக்குள் நுழைந்து, மேற்கு வங்காளம், அசாம் சமவெளிகளைக் கடந்து, சாம்ட்ருப் ஜோங்கார் என்ற இன்னொரு எல்லை ஊரில் மறுபடி பூட்டானுக்குள் புகுந்து, அங்கிருந்து 180 கிலோமீட்டர் மலையேறினால் டிராஷிகாங். சுற்றுவழிதான், ஆனாலும் பூட்டான்காரர்கள் பல காலமாகப் போய்வரும் வழி. சொந்த நாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அடுத்த நாட்டுக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் பூட்டானின் சாலை, விமான நிலையம், வரப்போகும் ரயில், பெட்ரோல் செலவு, வெளியுறவு எல்லாமே ஓரளவு புரிந்துவிடும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பரப்பளவில் பூட்டான் ஏறக்குறைய கேரளா அளவு: 38,394 சதுர கிலோமீட்டர். கேரளாவில் மூன்று கோடிக்கு மேல் மக்கள். பூட்டானில் 2017 கணக்கெடுப்பின்படி 7,27,145 பேர். இந்தக் கொஞ்சம் பேரும் தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கிறார்கள். வடக்கே 7,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிச் சிகரங்கள். தெற்கு எல்லையில் புந்த்ஷோலிங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்தான். இந்தச் சரிவு முழுவதும் நடப்பது 150 கிலோமீட்டர் சொச்சத்துக்குள்.

ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்காக ஓடிப் பிரம்மபுத்திராவில் கலக்கின்றன. மேற்கே அமோ சூ, அடுத்து வாங் சூ, அப்புறம் புனாத்சாங் சூ, அதற்கும் கிழக்கே மானஸ் ஆற்றுக் கிளைகள். 'சூ' என்றால் அந்த நாட்டு மொழியில் தண்ணீர், ஆறு. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். ஆகவே ஆற்றோரமாக வடக்கு தெற்காகச் சாலை போடுவது கடினம் என்றாலும் முடிகிற காரியம். கிழக்கு மேற்காகப் போடுவதென்றால் ஒவ்வொரு சுவரிலும் ஏறி இறங்க வேண்டும். திம்புவை விட்டுக் கிளம்பியதும் டோச்சு லா, சுமார் 3,100 மீட்டர். அதைத் தாண்டி 1,300 மீட்டர் உயரத்துக்கு இறங்கினால் வாங்டூ. மறுபடி ஏறினால் பெலே லா, சுமார் 3,400 மீட்டர். டோங்சாவுக்கு இறங்கி, மீண்டும் ஏறி யோடோங் லா. பும்தாங் தாண்டி த்ரும்ஷிங் லா, 3,700 மீட்டருக்கும் மேல். 'லா' என்றால் கணவாய். இந்த நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர் ஒரே நாளில் பனிக் குளிரையும் வாழைத் தோப்பையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஒரு சீப்பை எடுத்துப் பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பூட்டானின் சாலை அமைப்பு அதுதான். பற்கள் எல்லாம் தெற்கே இந்தியாவை நோக்கி நீள்கின்றன: புந்த்ஷோலிங், கெலெபு, சாம்ட்ருப் ஜோங்கார். அவற்றை மேலே சேர்த்துப் பிடிக்கும் முதுகு ஒரே ஒரு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. அது எங்காவது உடைந்தால் பற்கள் தனித்தனி.

அப்படியென்றால் பற்களின் நுனிகளைக் கீழே, அடிவாரத்திலேயே இணைத்துவிடலாமே? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 1865இல் இருக்கிறது.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாய்களை 'துவார்' என்பார்கள். துவாரபாலகர் என்று நாம் சொல்லும்போது வரும் அதே துவாரம்தான், வாசல் என்று பொருள். இப்படிப் பதினெட்டு துவார்கள் இருந்தன. அவற்றை ஒட்டிய சமவெளிப் பட்டை ஒரு காலத்தில் பூட்டானின் பிடியில் இருந்தது. 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் போர் மூண்டது, பூட்டான் தோற்றது, 1865 சிஞ்சுலா உடன்படிக்கையில் அந்தப் பட்டை கைவிட்டுப் போயிற்று. ஆண்டுதோறும் ஒரு தொகை மட்டும் பதிலுக்குக் கிடைத்தது. பிரிட்டிஷார் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டார்கள், தேயிலையை ஏற்ற ரயில் பாதையும் போட்டார்கள். இன்றைக்கும் டுவார்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில் ஓடும் இந்திய ரயிலும் நெடுஞ்சாலையும்தான் பூட்டானின் தெற்கு ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. எல்லைக் கோடு சரியாக மலை அடிவாரத்தில் நின்றுவிட்டதால் தட்டையான நிலம் பூட்டானுக்கு மிகக் கொஞ்சமே மிஞ்சியது. வாசல்கள் இருக்கின்றன, வாசலுக்கு முன்னால் இருக்கும் தெரு அடுத்தவருடையது. தெற்கு ஓரமாகத் தன் மண்ணிலேயே ஒரு கிழக்கு மேற்குச் சாலை போட வேண்டும் என்பது பூட்டானின் பல ஆண்டுத் திட்டம். துண்டு துண்டாக வேலை நடந்திருக்கிறது, முழுதாக இணையவில்லை.

சரி, சாலைகள் எப்போது வந்தன? இங்கேதான் கதை சுவையாகிறது. 1961 வரை பூட்டானில் மோட்டார் சாலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இந்திய எல்லையிலிருந்து திம்புவுக்கு மலைப் பாதையில் 205 கிலோமீட்டர், நடந்தோ கோவேறு கழுதையிலோ ஆறு நாள். 1958 செப்டம்பரில் இந்தியப் பிரதமர் நேரு பூட்டானுக்குப் போனார். அவர் போன வழியைப் பாருங்கள்: சிக்கிம் வழியாக நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கிருந்து பூட்டானின் மேற்கு வாசல் வழியாகப் பாரோ. குதிரை, யாக் எருது, நடை. இந்தியாவிலிருந்து அண்டை நாடான பூட்டானுக்குப் போக ஓர் இந்தியப் பிரதமர் திபெத்துக்குள் புகுந்து போக வேண்டியிருந்தது.

சாலை இல்லாமல் இருந்தது வெறும் ஏழ்மையால் மட்டும் அல்ல. சாலை வந்தால் படையும் வரும் என்ற பழைய மலைநாட்டுக் கணக்கும் அதில் இருந்தது. பூட்டானின் வணிகம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே இருந்தது. அரிசி திபெத்துக்குப் போகும், உப்பும் கம்பளியும் வரும். 1959இல் லாசாவில் எழுச்சி ஒடுக்கப்பட்டு, தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. 1960இல் பூட்டான் வடக்கு எல்லையை மூடியது. உப்பு வந்த வழி அடைபட்டது. இனி தெற்கே திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் தெற்கே போகச் சாலை இல்லை.

மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் முடிவெடுத்தார். 1961இல் நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது, பணம் இந்தியாவுடையது, முதல் வேலை சாலை. இந்திய எல்லைச் சாலை அமைப்பு இதற்காகவே 'தந்தக்' என்று ஒரு பிரிவை அதே ஆண்டு தொடங்கியது. 1962இல் புந்த்ஷோலிங்கிலிருந்து பாரோவுக்கும் திம்புவுக்கும் சாலை போய்விட்டது. சுமார் 175 கிலோமீட்டர். ஆறு நாள் பயணம் ஒரே பகலுக்குள் அடங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சாலை வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நேபாளிகளும் இந்தியத் தொழிலாளர்களும் மலையைக் குடைந்தார்கள். தந்தக் ஆட்கள் மட்டும் இதுவரை ஆயிரம் பேருக்கு மேல் பூட்டான் மலைகளில் இறந்திருக்கிறார்கள். விபத்து, மண்சரிவு, வெடி வைக்கும்போது நேர்ந்த தவறு.

சாலை என்பது வெறும் கல்லும் தாரும் அல்ல என்பது உடனே தெரிந்தது. 1964 ஏப்ரலில் பிரதமர் ஜிக்மே பால்டென் டோர்ஜி புந்த்ஷோலிங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாலைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அவர். கொலைக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, ராணுவ வாகனங்களை யார் எதற்குப் பயன்படுத்துவது என்பதில் படை அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தகராறு. சாலை வந்து இரண்டே ஆண்டு ஆன நாட்டில், வண்டி யார் கையில் என்பது அதிகாரச் சண்டையின் ஒரு பகுதி ஆகிவிட்டிருந்தது.

மலைச் சாலை ஏன் சரிகிறது

பூட்டானின் சாலைச் செலவில் பெரும் பகுதி புதுச் சாலை போடுவதற்கல்ல, போட்ட சாலையைத் தக்கவைப்பதற்கே போகிறது என்று சொன்னால் மிகை இல்லை. இமயமலை இளமையான மலை. இங்குள்ள பாறைகள் பல இடங்களில் ஏடு ஏடாகப் பிரியும் தன்மை கொண்டவை. சரிவில் ஒரு சாலை வெட்டுவது என்றால் மலையின் காலை வெட்டுவது போலத்தான். மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும், வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினால் அங்கே இருக்கும் சரிவும் கெடும். அப்புறம் தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்காள விரிகுடாவின் மழைமேகம் பூட்டானின் தெற்கு மலைகளில் வந்து மோதும். மலையில் இறங்கும் நீரைப் பக்கவாட்டு வாய்க்காலில் பிடித்து, சாலைக்கு அடியில் குழாய் வழியே கடத்தி, அரிக்காத இடத்தில் விட வேண்டும். வாய்க்கால் ஒரு இடத்தில் அடைத்தால் போதும், அந்த நீர் சாலையின் வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

சில இடங்களின் பெயரைச் சொன்னாலே ஓட்டுநர்கள் முகம் மாறும். புந்த்ஷோலிங்குக்குச் சற்று மேலே சோர்ச்சென். கெலெபு டோங்சா சாலையில் 'பாக்ஸ் கட்டிங்' என்றே பெயர் பெற்ற ஒரு துண்டு, பாறை முகத்தில் பெட்டி போலக் குடைந்து எடுத்த சாலை. இந்த மாதிரி இடங்களில் மழைக்காலம் முழுக்க இரண்டு பக்கமும் மண் தள்ளும் இயந்திரங்களை நிறுத்தியே வைத்திருப்பார்கள். சரிந்தால் தள்ளு, மறுபடி சரிந்தால் மறுபடி தள்ளு. சோர்ச்சென் அடைபட்டால் தலைநகருக்கு அரிசியும் டீசலும் காய்கறியும் வரும் கழுத்து அடைபட்டது என்று அர்த்தம்.

அந்தக் கழுத்து எவ்வளவு மெல்லியது என்பதற்கு சூசோம் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். பாரோ ஆறும் வாங் சூவும் கலக்கும் முக்கு. திம்புவுக்கு ஒரு சாலை, பாரோவுக்கு ஒன்று, ஹா பள்ளத்தாக்குக்கு ஒன்று, தெற்கே புந்த்ஷோலிங்குக்கு ஒன்று. நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையத்தில் இறங்கித் தலைநகருக்குப் போகிறவரும், எல்லையிலிருந்து சிமெண்ட் ஏற்றி வரும் லாரியும் இந்த முக்கைத் தொடாமல் போக முடியாது. ஆற்றங்கரையில் திபெத்திய, நேபாள, பூட்டானிய பாணிகளில் மூன்று சிறு தூபிகள் காவலாக நிற்கின்றன. மாற்றுவழி இல்லாத சாலைக்குக் காவல் தேவைதான்.

சூசோமிலிருந்து பாரோ போகும் வழியில் ஒரு சங்கிலிப் பாலம் வேறு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் தாங்தோங் கியால்போ என்ற திபெத்தியத் துறவி இமயமலை முழுக்க இரும்புச் சங்கிலித் தொங்குபாலங்கள் கட்டினார். பாரோ பக்கம் கிடைத்த இரும்புக்காகவே அவர் பூட்டானுக்கு வந்ததாகச் சொல்வார்கள். சக்கர வண்டி வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே இந்த நாட்டுப் போக்குவரத்தின் முக்கியப் பிரச்சினை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது: ஆற்றைக் குறுக்கே கடப்பது. இன்றைக்கும் நடைபாதைத் தொங்குபாலங்கள் எத்தனையோ கிராமங்களின் ஒரே தொடர்பு.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை ஒற்றைத் தடத்திலிருந்து இரட்டைத் தடமாக்கும் பெரிய வேலை 2010களின் நடுவில் தொடங்கியது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது, எதிரே லாரி வந்தால் யாரோ ஒருவர் பின்னோக்கி எடுக்க வேண்டியிருந்த சாலை அது. ஆனால் ஏற்கெனவே ஓரளவு அடங்கியிருந்த சரிவுகளை மறுபடி வெட்டியதால் புதுச் சரிவுகள் கிளம்பின. பல ஆண்டுகள் அந்தப் பயணம் சேறும் தூசியுமாக இருந்தது. என் கருத்து, அகலத்துக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை வடிகாலுக்கும் தாங்கு சுவருக்கும் கூடுதலாக வைத்திருந்தால் சாலை இன்னும் நாள்பட நின்றிருக்கும். சுரங்கப்பாதை போட்டால் இந்தக் கணவாய் ஏறும் வேலையே மிச்சமாகுமே என்ற பேச்சு எப்போதும் உண்டு. ஏழரை லட்சம் பேர் கொண்ட நாட்டின் வண்டிப் போக்குவரத்தை வைத்து அந்தச் செலவை நியாயப்படுத்துவது கஷ்டம்.

2008இல் மன்னராட்சி அரசியல் சாசனத்துக்குள் வந்து, முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்கு என்று வந்ததும் எல்லா ஊரும் கேட்டது சாலைதான். வேட்பாளர்களும் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து கிராமங்களுக்கு ஏறும் மண்பாதைகள், விவசாயச் சாலைகள் என்று பெயர், வேகமாகப் பெருகின. இன்று நாட்டின் மொத்தச் சாலை சுமார் 18,000 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் இந்த வகை. உருளைக்கிழங்கும் ஏலக்காயும் முதுகுச் சுமையாக இறங்கிய ஊர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் வடிகால் இல்லாமல் வெட்டிய பாதை முதல் மழையில் பாதி, அடுத்த மழையில் மீதி என்று கரைகிறது. காட்டுப் பரப்பு 60 விழுக்காட்டுக்குக் கீழே எந்தக் காலத்திலும் குறையக்கூடாது என்று அரசியல் சாசனமே சொல்லும் நாடு இது. அதனால் ஒவ்வொரு புதுப் பாதைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வடக்கே லுனானா போன்ற பகுதிகளுக்குச் சாலை இல்லை, பல நாள் நடைதான். அவசரம் என்றால் 2015இல் தொடங்கிய அரசு ஹெலிகாப்டர் சேவை.

ஆகாயத்திலும் அதே மலைதான்

சாலை இப்படி இருக்கும்போது விமானம் சுலபமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பூட்டானில் விமான நிலையம் கட்ட முதலில் தேவைப்பட்டது தட்டையான நிலம். இரண்டு கிலோமீட்டருக்கு நேராகத் தட்டையாக இருக்கும் நிலம் தேடினால் மலைப்பகுதியில் பாரோ பள்ளத்தாக்குதான் கிடைத்தது. 1968இல் தந்தக் ஆட்கள் அங்கே ஓர் ஓடுதளம் போட்டார்கள், முதலில் இந்திய ராணுவ ஹெலிகாப்டர்களுக்காக. 1981இல் நாட்டின் விமான நிறுவனமான ட்ரூக் ஏர் நிறுவப்பட்டது. 1983 பிப்ரவரியில் டோர்னியர் 228 என்ற சிறு விமானம் பாரோவிலிருந்து கொல்கத்தாவுக்கு முதல் சேவையைத் தொடங்கியது.

பாரோ ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 2,235 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் 5,500 மீட்டர் வரை மலைகள். இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்கும் விசை குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு, ஆகவே மேலெழும்ப நீளமான ஓடுதளம் வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கு அந்த நீளத்தைத் தராது. விளைவு, விமானம் குறைந்த எடையோடு கிளம்ப வேண்டும். எரிபொருளைக் குறைவாக ஏற்றிக்கொண்டு போய் கொல்கத்தா, குவாஹாட்டி, பாக்டோக்ரா போன்ற இடங்களில் ஒருமுறை இறங்கிவிட்டு பாங்காக்குக்குப் பறக்கும் வழக்கம் அதனால்தான்.

இரண்டாவது சிக்கல் இறங்குவது. ஓடுதளத்துக்கு நேராக ஒரு கோடு பிடித்துக் கருவியை நம்பி இறங்க இங்கே வழி இல்லை, பள்ளத்தாக்கு வளைகிறது. விமானி மலைகளைக் கண்ணால் பார்த்தபடி, வீட்டுக் கூரைகளுக்குப் பக்கமாக வளைந்து வளைந்து வந்து, கடைசி நேரத்தில்தான் ஓடுதளத்தை நேராகப் பிடிப்பார். அதனால் பகலில் மட்டும், பார்வை தெளிவாக இருந்தால் மட்டும். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று பலமாகிவிடும் என்பதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்துபோகும். இங்கே இறக்கத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும், உலகத்தில் அது இருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். பயணிகள் இதைச் சாகசமாக எழுதுகிறார்கள். ஒரு நாட்டின் நிர்வாகம் என்று பார்த்தால் இது பெரிய கட்டுப்பாடு. விமானங்களின் எண்ணிக்கை, அளவு, நேரம் மூன்றுக்கும் பாரோவே உச்சவரம்பு வைத்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளிடம் இரவுக்கு இவ்வளவு டாலர் என்று கட்டணம் வாங்கிக் கூட்டத்தைக் குறைவாக வைப்பது பூட்டானின் பெயர்பெற்ற கொள்கை. கொள்கை இல்லாவிட்டாலும் பாரோ ஓடுதளம் ஏறக்குறைய அதையே செய்திருக்கும்.

உள்நாட்டு விமானச் சேவை 2011இன் இறுதியில் தொடங்கியது. பும்தாங், கிழக்கே யோங்புல்லா, தெற்கே கெலெபு. யோங்புல்லா ஒரு மலை முகட்டில் இருக்கிறது, மேகம் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு விமானம் இல்லை. திம்புவிலிருந்து கிழக்கே இரண்டு நாள் போவதை அரைமணி நேரச் சொச்சமாகக் குறைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் கல்லும் சிமெண்டும் விமானத்தில் போகாது.

ஆறு மின்சாரமாக இறங்கி, டீசலாக ஏறுகிறது

மலை கெடுத்ததையெல்லாம் மலையே ஓரளவு திருப்பியும் தந்தது. அதே செங்குத்தான ஆறுகளில் நீர்மின் நிலையங்கள் வந்தன. 1980களின் பிற்பாதியில் சூக்கா, 336 மெகாவாட். 2006, 2007இல் தாலா, 1,020 மெகாவாட். இரண்டும் வாங் சூ ஆற்றில், புந்த்ஷோலிங் சாலையை ஒட்டி. இது தற்செயல் அல்ல. ராட்சத மின்மாற்றிகளையும் சுழலிகளையும் இழுத்துக்கொண்டு போகச் சாலை வேண்டும், பாலங்கள் அந்த எடையைத் தாங்க வேண்டும். சாலை எங்கே போனதோ அங்கேதான் மின்சாரம் முதலில் வந்தது.

அந்த மின்சாரத்தை இந்தியா வாங்குகிறது, இந்திய ரூபாய் வருகிறது. பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமாகக் கட்டப்பட்ட நாணயம். ஆனால் வந்த ரூபாய் எங்கே போகிறது? வண்டியும் டீசலும் பெட்ரோலும் அங்கிருந்துதான் வர வேண்டும். சாலை நீண்டபோது வண்டி பெருகியது, வண்டி பெருகியபோது எரிபொருள் செலவு பெருகியது. 2012இல் ரூபாய்க் கையிருப்பு வற்றிப்போய் வாகன இறக்குமதியை நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தது. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மறுபடி அதே மருந்து. நடுவில் 2014இல் மின்சார வண்டிகளுக்கு வரி விலக்கு கொடுத்துப் பெரிய அளவில் கொண்டுவரப் பார்த்தார்கள். கணக்கு சரியான கணக்குதான்: மின்சாரம் சொந்தம், டீசல் கடன். செங்குத்து ஏற்றத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும், வழியில் மின்னேற்ற இடம் வேண்டும், முதல் விலை அதிகம் என்பதால் வேகம் எதிர்பார்த்த அளவு இல்லை. திம்பு டாக்சிகளில் மட்டும் மின்சார வண்டிகள் ஓரளவு நிலைத்தன. 2012 ஜூனில் செவ்வாய்க்கிழமைதோறும் நகருக்குள் கார் வேண்டாம் என்று ஒரு நடைநாள் கொண்டுவந்தார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள், பின்னால் அது மாதம் ஒரு நாளாகச் சுருங்கியது.

திம்புவில் போக்குவரத்து விளக்கே இல்லை என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒருமுறை வைத்து, இயந்திரம் கையசைப்பது நன்றாக இல்லை என்று மக்கள் சொன்னதால் எடுத்துவிட்டு, பழையபடி சிறு கூண்டில் நிற்கும் காவலரின் வெள்ளைக் கையுறைக்கே திரும்பினார்கள். அழகான காட்சிதான். ஆனால் நாட்டின் வண்டிகள் ஒரு லட்சத்தைத் தாண்டி, அதில் பாதிக்கு மேல் திம்பு பக்கமே இருக்கும்போது கூண்டுக் காவலரின் தோள் எவ்வளவு தாங்கும் என்பதுதான் நான் கவலைப்படும் விஷயம்.

அண்டை வீட்டுத் தெரு

கடல் இல்லாத நாட்டுக்குத் துறைமுகம் என்பது அண்டை நாட்டின் தயவு. பூட்டானின் ஏற்றுமதியில் ஆற்றுக் கல், ஜல்லி, சுண்ணாம்பு, பழங்களும் உண்டு. பாறை இல்லாத வண்டல் நாடான வங்கதேசத்துக்கு இந்தக் கல் தேவை. பல ஆண்டுகளாக அது லாரியில் இந்தியா வழியாகப் போய் எல்லை ஊர்களில் வரிசையில் காத்துக் கிடந்தது. 2019 ஜூலையில் புதிதாக ஒன்று செய்து பார்த்தார்கள். புந்த்ஷோலிங்கிலிருந்து 160 கிலோமீட்டர் லாரியில் அசாமின் துப்ரிக்குக் கொண்டுவந்து, அங்கே பிரம்மபுத்திராவில் ஒரு கப்பலில் ஏற்றி வங்கதேசத்தின் நாராயண்கஞ்சுக்கு அனுப்பினார்கள். 1,000 டன். சுமார் எழுபது லாரிச் சுமை ஒரே கப்பலில். கடலே இல்லாத நாட்டின் சரக்கு, தன் ஆறுகள் போய்ச் சேரும் அதே ஆற்றிலேயே மிதந்து போயிற்று.

அதற்காக எல்லாக் கதவையும் திறந்துவிட பூட்டான் தயாராக இல்லை. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் தங்கள் வண்டிகளைப் பரஸ்பரம் தங்குதடையின்றி ஓடவிடலாம் என்று 2015 ஜூனில் ஓர் ஒப்பந்தம் திம்புவிலேயே கையெழுத்தானது. மற்ற மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்டன. பூட்டானின் மேலவை 2016இல் அதை நிராகரித்தது. வெளிநாட்டு லாரிகள் வந்தால் நம் குறுகிய சாலை தாங்குமா, நம் லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் என்ன ஆவார்கள், புகையும் கூட்டமும் என்ன செய்யும் என்பவை அவர்களின் கேள்விகள். நான் சேரவில்லை, நீங்கள் மூவரும் நடத்துங்கள் என்று பூட்டான் 2017இல் ஒதுங்கிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் இது பிற்போக்கு மாதிரித் தெரியலாம். ஒரே கழுத்து உள்ள உடம்பு எவ்வளவு விழுங்கலாம் என்று அதற்குத்தான் தெரியும்.

அதே 2017இல், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டோக்லாம் மேட்டில் இந்திய, சீனப் படைகள் எழுபது நாளுக்கு மேல் எதிரெதிரே நின்றன. அதற்குக் காரணமும் ஒரு சாலைதான். பூட்டான் தன்னுடையது என்று சொல்லும் நிலத்தில் சீனா சாலையை நீட்டத் தொடங்கியது. நேரு குதிரையில் இறங்கிய சும்பி பள்ளத்தாக்கு அதற்கு அடுத்த பக்கத்தில்தான்.

இப்போது எல்லாருடைய கண்ணும் கெலெபு மேல். 2023 டிசம்பரில், தேசிய தினத்தன்று, இன்றைய மன்னர் ஜிக்மே கேசர் நாம்கியெல் வாங்சுக் அங்கே ஒரு பெரிய புது நகரத்தை அறிவித்தார், 'மனநிறை நகரம்' என்ற மாதிரிப் பெயரோடு, 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில். பெயரை ஒதுக்கிவிட்டு இடத்தைப் பாருங்கள். 1865இல் பறிபோனது போக பூட்டானிடம் மிஞ்சிய கொஞ்சநஞ்சத் தட்டை நிலத்தில் ஒரு துண்டு அது. பாரோவில் கிடைக்காத நீளமான ஓடுதளம் அங்கே கிடைக்கும், பெரிய விமானம் இறங்கலாம், ரயிலும் வரலாம். இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருக்கும் நாட்டில், வேலை தரும் ஊர் ஒன்றை மலைக்கு மேலே கட்ட முடியாது என்பதைக் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்ட திட்டம் என்றே இதைப் படிக்கிறேன்.

2025 செப்டம்பரில் இந்தியா இரண்டு ரயில் பாதைகளை அறிவித்தது. அசாமின் கோக்ராஜாரிலிருந்து கெலெபுவுக்கு 69 கிலோமீட்டர், மேற்கு வங்காளத்தின் பானர்ஹாட்டிலிருந்து சாம்ட்சேவுக்கு 20 கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து 4,033 கோடி ரூபாய். முதல் பாதைக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று ஆண்டு என்று கெடு. முடிந்தால் பூட்டான் மண்ணில் ஓடும் முதல் ரயில் அதுவாக இருக்கும். தண்டவாளத்தின் பெரும்பகுதி இந்தியப் பக்கம்தான். துவாரைத் தொட்டதும் மலை தொடங்கிவிடும், ரயில் அங்கேயே நின்றுவிடும். கெலெபு ரயில் நிலையத்தில் இறங்கி டிராஷிகாங்குக்குப் போக வேண்டியவர் அப்போதும் எல்லையைத் தாண்டி, அசாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், சாம்ட்ருப் ஜோங்காரில் திரும்பி மலையேறுவார்.